காணாமல் போன பதினேழாவது பிளேட்

போர்க்காட்சிகள் அச்சான பழைய படப் புத்தகங்களைச் சேர்க்கப் புறப்படுகிறவனிடம் முதலில் சேருவது சந்தேகம்தான். புத்தகம் அதற்கப்புறம் மெதுவாகப் பஸ் ஏறி வரும்.

இதைப் படிக்கிற உங்களில் நாலைந்து பேருக்காவது இந்த வியாதி இருக்கும். தபால்தலையோ, பழைய காசோ, கைக்கடிகாரமோ ஏதோ ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்திருப்பீர்கள். விற்றவன் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டான் என்று யோசித்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நாம் எவ்வளவு சொன்னாலும் ஏறாது.

என் வியாதி கல்லச்சுப் படங்கள். கல்லின் மேல் மெழுகுப் பென்சிலால் படம் வரைந்து, அந்தக் கல்லிலிருந்தே காகிதத்துக்கு எடுப்பார்கள். பத்திரிகையில் போட்டோ வராத காலத்தில் வெள்ளைக்காரர்கள் தாங்கள் போட்ட சண்டைகளை இப்படித்தான் தங்கள் ஊர் ஜனங்களுக்குக் காட்டினார்கள். சிப்பாய், குதிரை, நிறையப் புகை, பின்னால் ஒரு மலை. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் குளிருக்காக நீலகிரிக்கு வந்து பங்களா கட்டியபோது இந்தப் புத்தகங்களும் கூடவே வந்தன. அவர்கள் போய்விட்டார்கள். புத்தகங்கள் பரணிலும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலும் தங்கிவிட்டன. ஜெகதளாவுக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இவற்றைத் தேடி இருபது வருடம் அலைந்திருக்கிறேன்.

இந்த மலையில் இதைச் சேர்க்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் அரவேணுவில் இருக்கும் பெஞ்சமின் சார், ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பதினேழாம் நம்பர் போட்ட ஒரே ஒரு படத்தாளை முன்னிட்டு அவரை நான் நாலு வருடம் இழந்திருந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் சில்லறை அவமானங்கள்.

ஓரம் உடைந்தது

புத்தகத்தில் தனித்தாளாக வரும் முழுப்பக்கப் படத்துக்கு எங்கள் பாஷையில் பிளேட் என்று பெயர். புத்தகம் முழுசா, மூளியா என்பதைப் பிளேட்டை எண்ணித்தான் சொல்ல முடியும். ஆகவே யார் போன் செய்தாலும் என் முதல் கேள்வி அதுதான். தேவர்சோலையில் பாக்கும் கொஞ்சம் தேயிலையும் போட்டிருக்கும் தோமாச்சன் சேட்டன் என்பவர் ஒருநாள் கூப்பிட்டார். துரை பங்களாவில் ஏலம் எடுத்த பழைய சாமான் இருக்கிறதாம், யுத்தப் படம் இருக்கிறதாம், குதிரையெல்லாம் இருக்கிறதாம். பிளேட் எத்தனை என்றேன். பன்னிரண்டு, ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஓரம் உடைந்திருக்கிறது என்றார். "கிழிஞ்சிருக்குதுங்களா?" என்றேன். "கிழியாது சார், உடையும்" என்றார்.

எனக்கு உடனே மூக்கு வேர்த்தது. கூடலூர்ப் பக்கத்து ஈரத்தில் காகிதம் நமுத்துப் போகுமே தவிர உடையாது. மனிதர் எதையோ மறைக்கிறார். போனை வைக்கும் முன்பு, "வரும்போது கழுவி வைக்கட்டா?" என்று வேறு கேட்டார். தண்ணீர் பட்டால் நான் வரவே மாட்டேன் என்று கத்தினேன். சரி, துடைத்து வைக்கிறேன் என்றார். அன்று ராத்திரியே யாராவது அவரை மடக்கிவிடுவார்களோ என்று பயந்து, மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊட்டி வழியாக மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

மேஜையில் லேஸ் துணி விரித்து, பன்னிரண்டு பீங்கான் தட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் குதிரை மேல் ஒரு சிப்பாய். ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. நான் நின்ற நிலையைப் பார்த்துப் பாவப்பட்டு, அதில் ஒரு தட்டிலேயே கப்பக்கிழங்கு வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் தட்டைத் திருப்பி அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். புத்தகத்தைப் பற்றித்தான் கேட்டேன் என்று விளக்கியபோது அவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

"நிங்கள் பிளேட்டுன்னுதானே சார் கேட்டது? புக்கினுள்ளே ஆரு சார் பிளேட்டு வைக்கும்?"

டீ வாசனை

ஊட்டியில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு பழம்பொருள் கடை உண்டு. கடைக்காரர் ராஜமாணிக்கம் எப்போது போனாலும், "உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கறேனுங்க" என்பார். எனக்கென்று எடுத்து வைத்தார் என்றாலே வேறு யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தடவை அவர் எடுத்து வைத்திருந்தது ஐந்து உதிரிப் படங்கள். பீரங்கி, கோட்டைச் சுவர், விழுந்து கிடக்கும் ஆட்கள். காகிதம் பழுத்துச் சிவந்திருந்தது. பார்த்தவுடன் மனசு துள்ளியது. துள்ளினால் உடனே லென்ஸை எடுத்துவிட வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

கல்லச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் கல்லின் சொரசொரப்பில் பென்சில் இழுத்த கோடு தெரியும். இந்தக் காலத்து அச்சு என்றால் வரிசை வரிசையாகப் புள்ளிதான். புள்ளி தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடாமல் காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். முப்பது வருடம் டீ எஸ்டேட்டில் உட்கார்ந்தவன் மூக்கல்லவா? "இது சி.டி.சி. டஸ்ட்டுங்க, டீக்கடைத் தூளு. கொதிக்க வெச்சு ஊத்தியிருக்கீங்க. அதான் இப்படிச் சிவந்து கெடக்குது. நெசமாவே பழசான காகிதம் இந்த மாதிரிச் சிவக்காது. பொடிக்காம உருட்டற ஆர்த்தடக்ஸ் எலையில எறங்கற வெளுத்த பழுப்புதான் வரும்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. பில் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

"அப்படீங்களா? அடுத்த தடவ ஆர்த்தடக்ஸ் போட்டுப் பாக்கறேனுங்க."

ஒட்டவே ஒட்டாது

இனி முக்கியமான புத்தகம். குன்னூரில் ஆர்டருக்குக் கேக் போட்டுக் கொடுக்கும் ரோஸலின் அக்கா வீட்டில் அது இருக்கிறது என்று தெரிந்தது ஒரு டிசம்பர் மாதம். விடாத மழை. கிரிமியா சண்டைப் படங்கள், பெரிய அளவு, மொத்தம் முப்பத்திரண்டு பிளேட். ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது. நிழல் விழும் இடங்களில் பளபளப்புக்காகப் பிசின் தடவியிருந்தார்கள். ஆடம்பரமான பதிப்புகளில் மட்டும்தான் அந்த வேலை இருக்கும். முதல் பிளேட்டைப் பார்த்ததுமே இன்றைக்கே வாங்கிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆசை தெரிந்தால் விலை ஏறும். அதனால் முதலில் அவர் வைத்திருந்த பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தை ரொம்ப நேரம் புரட்டினேன். அடுப்பைப் பற்றி விசாரித்தேன். அதற்கப்புறம் போனால் போகிறது என்பதுபோல இதை எடுத்தேன். அக்கா எதிரில் நின்று கண்கொட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் பார்க்கும்போது நிதானமாக எண்ண முடியுமா, நீங்களே சொல்லுங்கள். முன்பக்கத்துப் பட்டியலில் கடைசி நம்பரைப் பார்த்தேன், முப்பத்திரண்டு. தாள்களைச் சரசரவென்று ஒரு தள்ளு தள்ளினேன். பையிலிருந்த நோட்டில் 'பிளேட் 32, முழுசு' என்று எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். இந்த மாதிரிப் புத்தகங்களில் படத்துக்குப் படம் மெல்லிசான வெள்ளைக் காகிதம் ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள், வண்ணம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க. இதில் பல இடங்களில் அந்தக் காகிதம் இல்லை. எங்கே போயிற்று என்று சந்தேகத்தோடு கேட்டேன். அக்கா சந்தோஷமாகச் சொன்னார்.

"அந்தப் பட்டர் பேப்பருங்களா? போன கிறிஸ்மஸுக்குக் கேக் தட்டுல போட்டேனுங்க. அருமையான பேப்பர் சார், ஒட்டவே ஒட்டாது."

பெஞ்சமின் சாரின் விரல்

புத்தகத்தை வாங்கி வந்தாயிற்று. ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். மனைவியிடம் காட்டினால், "இத எந்த அலமாரியில வைக்கப் போறீங்க?" என்பாள். பெஞ்சமின் சாரிடம் காட்டினால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, சாமி காரியம் மாதிரி உட்காருவார். எனக்கு அந்த உட்காருதல் பிடிக்கும். அதே சமயம் எங்களுக்குள் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. புத்தகம் தேடி நான் எங்கே போகிறேன் என்று நானும், அவர் எங்கே போகிறார் என்று அவரும் கடைசிவரை சொல்லிக்கொள்ள மாட்டோம். கோத்தகிரி பஸ்ஸில் தற்செயலாகச் சந்தித்தால் இருவரும் பல் வைத்தியரிடம் போவோம்.

அந்த வாரமே அவர் வந்தார். மழையும் கூடவே வந்தது. புத்தகத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு டீ கொண்டுவர உள்ளே போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அவர் பதினாறாம் பிளேட்டின் மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தத் தாளை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் வந்ததைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினார். இதெல்லாம் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொன்றாகத் தோன்றியது.

அவர் கிளம்பிய அரை மணி நேரத்தில் பிளேட்டுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு. நடுமடிப்பில் வெள்ளையாக ஒரு கீற்று நின்றது. சவர பிளேடு போட்டு அறுத்து எடுத்தால் நிற்குமே, அந்த மாதிரி. பட்டியலைப் பார்த்தேன். பதினேழாம் படத்தின் தலைப்பு 'வழியில்' என்று மட்டும் இருந்தது. தளபதி குதிரையில் வருகிற படமாகத்தான் இருக்க வேண்டும், புத்தகத்திலேயே உயர்ந்த படம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அதைப் போய் ஏன் எடுக்கிறார்? வாசலில் குடையை விரித்தபடி அவர் சொன்ன கடைசி வார்த்தை அப்போதுதான் உறைத்தது. நான் எண்ணிப் பார்க்காமல் இருக்க அவர் தவணை வாங்கியிருக்கிறார்.

"அந்தப் பதினாறாம் தாள மட்டும் இந்த மழையில பிரிச்சுராதீங்க. பிப்ரவரியில வெயில் அடிக்கட்டும், பாத்துக்கலாமுங்க."

டீ ஆறிப்போனது

மறுநாள் அரவேணுவுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் வசனம் பேசிக்கொண்டே போனேன். எப்படியெல்லாம் மறுப்பார், நான் எப்படியெல்லாம் மடக்குவேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை. அவர், "வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்று கூட்டிப்போய் உட்கார வைத்தார். டீ கொடுத்தார். நான் கோப்பையைத் தொடவில்லை. "பதினேழாம் பிளேட்ட எடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுக்கவும் இல்லை, சத்தியம் செய்யவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பையன்கள் பரீட்சையில் காப்பி அடித்ததைக் கண்டுபிடித்த வாத்தியார் பார்க்கிற பார்வை அது. பார்த்தீர்களா, வாயே திறக்க முடியவில்லை, திருடன்தான் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்.

"டீ ஆறிப்போவுதுங்க."

பிளாஸ்டிக்

அதற்கப்புறம் நாலு வருடம் நாங்கள் பேசவில்லை. அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பதினேழைத் தேடுவதை மட்டும் விடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர் தன்னிடம் அது இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் வேறு ஏதோ சின்னப் புத்தகத்திலிருந்து உதிர்ந்த படம், வண்ணமும் இல்லை. வெறுங்கையோடு மலையேற மனசில்லாமல் அதை வாங்கினேன். மழை பெய்ததால் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்.

எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது உங்களுக்குத் தெரியும். மலையடிவாரச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு ஏறிய அம்மா, என் மடியில் இருந்த பையைக் கழற்றச் சொன்னார். நான் பார்சலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பேர் இருக்க என்னிடம் மட்டும் ஏன் வருகிறார்? யாராவது சொல்லி அனுப்பினார்களா? இது எவ்வளவு பழமையான காகிதம், ஈரம் பட்டால் என்ன ஆகும், பிளாஸ்டிக் இல்லாமல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். பஸ்ஸே கேட்டது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"இவ்வளவு பழசுன்னு சொல்றீங்க. அப்ப இத்தன வருஷமா பிளாஸ்டிக் இல்லாமத்தானே சார் இருந்திருக்குது?"

இரண்டாக வாடியது

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்த அன்று, இதைச் சொல்லிச் சிரிக்க பெஞ்சமின் சார் இல்லையே என்று இருந்தது. இருபது வருடத்தில் நான் சேர்த்த புத்தகங்களை யாரிடம் காட்டுவது என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். யாரும் இல்லை. திருடராகவே இருந்தாலும் அவர் ஒருவருக்குத்தான் பார்க்கத் தெரியும்.

போன மழையில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, அலமாரிக்குள் பூசணம் பூத்துவிட்டது. துணியில் கிடந்த புத்தகம் உட்பட எல்லாமே நசநசவென்று ஆகிவிட்டன. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர் சிவலிங்கம். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னோடு இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும், "மேல கொண்டாங்கய்யா" என்றார். பறித்து வந்த கொழுந்தை வாட வைக்கும் மாடி அது. நீளமான தொட்டிகளில் கம்பி வலை போட்டிருக்கும். வலைக்கு அடியிலிருந்து ஃபேன் காற்றை ஊதும். பிப்ரவரியில் கொழுந்து குறைவு என்பதால் ஒரு தொட்டி காலியாகக் கிடந்தது. புத்தகங்களை அதில் விரித்து நிற்க வைத்தோம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். ஒருமுறை பட்டவன் அல்லவா? மாடி ஏறி வந்த ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டு வந்தேன். சிவலிங்கம் கிரிமியா புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார். நான் ஓடினேன். பதினாறாம் பிளேட்டின் மூலை காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. அந்தச் சுருளுக்கு அடியில் இன்னொரு மூலை இருந்தது. சிவலிங்கம் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வறண்ட காற்றில் பிசின் விட்டுப்போய், நாங்கள் பார்க்கப் பார்க்கச் சின்னச் சத்தத்தோடு அந்தத் தாள் தானாக விலகியது. உள்ளே பதினேழு. ரோஸலின் அக்கா கேக்குக்காக நடுக்காகிதத்தைக் கிழித்து எடுத்த இடத்தில், மழை ஈரத்துக்குப் பிசின் இளகி, பதினேழின் முகம் பதினாறின் முதுகில் அப்படியே ஒட்டியிருந்திருக்கிறது. நடுமடிப்பில் நின்ற வெள்ளைக் கீற்றை இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். படத்தாளின் கனமே அதில் இல்லை. அக்காவின் பட்டர் பேப்பர்.

படத்தில் தளபதி இல்லை. குதிரையும் இல்லை. சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஆறு கோவேறு கழுதைகள், அவற்றைத் தள்ளுகிற ஒரு ஆள். இதை எவன் திருடுவான்? நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிளேட் கிடைத்த சந்தோஷம் என்று சிவலிங்கம் நினைத்துக்கொண்டார்.

"கொழுந்து வாடினா எடை கொறயும். உங்க பொஸ்தகம் வாடினா தாளு கூடுதே, ஐயா."

அரவேணு

அடுத்த ஞாயிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை பஸ்ஸில் ஒத்திகை எதுவும் வரவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் பெஞ்சமின் சார், "வாங்க" என்றார். அதே நாற்காலி, அதே மேஜை. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. "சார், பதினேழு கிடைச்சிருச்சுங்க. நான் பேசுனது தப்புங்க" என்றேன்.

புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கை கழுவ எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே திருப்புங்க. நாந் தொட மாட்டனுங்க" என்றார். நான் திருப்பத் திருப்ப அவர் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பிளேட்டிலும் அவர் விரல் தாளின் தடிமனைப் பார்க்கத் துடிப்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் கட்டிய கை அவிழவில்லை. பதினேழு வந்தது. கோவேறு கழுதைகளை ரொம்ப நேரம் பார்த்தார். "பாவம், நல்லா மாட்டிக்கிச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

"உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா சார்?" என்று கேட்டேன். "தாளத் தேச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுதுங்க, ரெண்டு கனம் இருந்துது. வெளிச்சத்துல புடிச்சா உள்ள நெழலு தெரிஞ்சுது" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். "சொன்னனுங்களே. மழையில பிரிச்சுராதீங்கன்னு" என்றார். நான் அந்த வார்த்தையை நாலு வருடமாகப் புத்தகத்தைத் திறக்காதே என்று அர்த்தம் செய்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது, ஒட்டிக்கொண்டிருப்பதை இழுத்துப் பிய்க்காதே என்று.

"சரிங்க, எனக்குத்தான் புத்தியில்ல. மறுநா நான் இங்கே வந்து கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கக்கூடாதா சார்?" என்றேன். அவர் உள்ளே போய் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் இந்தத் தடவை உடனே எடுத்துக் குடித்தேன், நாக்குச் சுட்டது. நான் குடித்து முடித்ததும் அவர் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"படம் எங்கேன்னு கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பனுங்க. நீங்க எடுத்தீங்களான்னுதானே கேட்டீங்க."

இருபது வருடமாகக் காகிதத்தையும் கடைக்காரரையும் டீத்தூளையும் சந்தேகப்பட்ட நான், ஒரே ஒரு தடவைகூடச் சந்தேகப்படாமல் விட்டது, எண்ணாமலே 'முழுசு' என்று நோட்டில் எழுதியிருந்த என் சொந்தக் கையெழுத்தை மட்டும்தான்.